தளவாய் கடைந்த வலது பாதம்

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஐஸ் ஃபேக்டரிக்கு எதிரே இருக்கிறது தளவாயின் லேத் பட்டறை. ஏரலுக்குத் தெற்கே ஆற்றோரத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். மீசை அரும்பும் முன்பே ஊரை விட்டு வந்து இரும்போடு சேர்ந்தார். இன்று அந்தக் கரையில் நிற்கும் விசைப்படகுகளில் பாதிக்கு அவர் கடைந்த ஷாஃப்ட்தான் சுற்றுகிறது.

அவர் கடைந்ததெல்லாம் உருண்டையான பொருட்கள். லேத்தில் பிடித்த எதுவும் சுற்றும். சுற்றுகிற எதையும் உளி உருட்டிவிடும். உருண்டைக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. வாழ்நாளெல்லாம் அதையே பார்த்துப் பழகிய அந்தக் கண்தான் ஒருநாள் அவரை ஏமாற்றியது.

அவர் மனைவி முத்துமாரி. மில்லர்புரத்தில் சின்ன வீடு. பிள்ளை இல்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள் என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, கோயிலுக்குப் போய்விட்டுத் தேங்காய்முறியோடு வந்தவள் மினி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒரு கால் தரையில் பட்டது. மறுகால் படுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கீழே விழுந்தவளின் வலது பாதத்தின் மேல் பின்சக்கரம் ஏறியது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தேங்காமுறி என்னங்க ஆச்சு?" என்பதுதான். தளவாய் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

செயற்கைக்கால் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடக்கப் பழகினாள். ஆனால் விபத்துக்குப் பிறகு புருஷன் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வருடம் சித்திரையில் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் அவளே புருஷனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். கொடையில் பெண்கள் முளைப்பாரி எடுப்பார்கள். சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி விதை போட்டு, இருட்டறையில் வளர்த்து, முழ உயரம் வளர்ந்த வெளிறிய மஞ்சள் முளைகளைச் சட்டியோடு தலையில் சுமந்துபோய் ஆற்றில் கரைப்பார்கள். எடுப்பவள் வெறுங்காலோடு நடக்க வேண்டும். தலையில் ஏற்றியதை ஆறு வரும்வரை இறக்கக் கூடாது. முத்துமாரி கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து எடுத்தவள். கடந்த இரண்டு கொடைகள் மட்டும் தவறிப்போயின.

ஊரில் தளவாயின் அக்கா பிச்சம்மாள் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விதையை நீ போடு. தண்ணி நான் ஊத்துதேன். எடுக்கிறத எம்மவ செல்வி எடுக்கட்டும்."

"போட்டவதான மைனி எடுக்கணும்."

"அது ரெண்டு காலும் உள்ளவளுக்கு."

வார்த்தை வெளியே வந்துவிட்டது. அதை மூடுவதற்குப் பிச்சம்மாள் இன்னும் கடுமையாகப் பேசினாள்.

"விழுந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதுளா. எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும்தான். பல வருடங்களுக்கு முன் இதே கொடையில், தெரு முக்கில் திரும்பும்போது பிச்சம்மாளின் முளைப்பாரி சரிந்து மண்ணில் விழுந்தது. அதே வருடம் ஐப்பசியில் அவள் புருஷன் சுடலைக்கண்ணு வயலில் மோட்டார் போடப் போனவன் மின்சாரம் தாக்கி இறந்தான். அவள் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பாரி விழுந்ததால்தான் அவன் போனான் என்று அவளே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் முத்துமாரி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"எங்கன போனாலும் முதல்ல நாற்காலியைத்தான் காட்டுதாங்க. இரு, இருன்னு. கல்யாண வீட்டுல இரு. சாவு வீட்டுலயும் இரு. எனக்கு ஒருநாளு நடந்துட்டு வரணும்ங்க. அப்புறம் நீங்க எங்க உக்காரச் சொன்னாலும் உக்காந்துக்கிடுதேன்."

தளவாய் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

செயற்கைக்கால் பொருத்தியவர் பிரத்யும்னன் என்கிற இளம் நிபுணர். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரர். ஒளிக்காமல் பேசுகிறவர். முத்துமாரியைச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னார். அவள் உடம்பு மெல்லப் பின்னால் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பாதம் செருப்புக்காகச் செஞ்சதும்மா. குதிகால் தூக்கலா இருக்கும். வெறுங்கால்ல நின்னா பின்னால தள்ளும். வெறுங்காலுக்குன்னு வேற பாதம் உண்டு. உங்க அளவு சின்னது. சொல்லி வரவழைக்கணும். கொடைக்குள்ள வராது."

"நானே மரத்துல செஞ்சு கொண்டுவந்தா மாட்டித் தருவீங்களா சார்?" என்றார் தளவாய்.

பிரத்யும்னன் யோசித்தார். "மாட்டித் தரேன். ஆனா அந்த ஒருநாளைக்குத்தான். மரத்துல கொஞ்சங்கூட நெகிழ்வு இருக்காது. மேட்டுல ஏறிடலாம். இறங்கறதுதான் ஆபத்து. ரப்பர் ஒண்ணு அடியில ஒட்டித் தரேன், வழுக்காது."

"ரப்பர் ஒட்டினா அது செருப்புதான் சார்," என்றாள் முத்துமாரி. அதில் அவள் உறுதியாக இருந்தாள்.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, பாதத்தை எப்படிக் கடைவது? பாதம் உருண்டை இல்லை. ஒருபக்கம் மேடு, ஒருபக்கம் குழிவு, முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். உளியும் கொட்டாப்புளியும் எடுத்துச் செதுக்க அவர் தச்சர் இல்லை. அளவு கொஞ்சம் பிசகினாலும் அவள் விழுவாள்.

வழி பழைய பஸ் நிலையத்துப் பக்கம் கிடைத்தது. வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வெட்ட ஒரு கடை வாசலில் நின்றிருந்தார். அந்தச் சின்ன மெஷினில் ஒருபக்கம் பழைய சாவி, மறுபக்கம் வெட்டாத சாவி. பழைய சாவியின் பல்லில் ஒரு முனை தடவிக்கொண்டே போக, அதே தண்டில் இருந்த வெட்டும் சக்கரம் புதிய சாவியில் அதே பல்லைக் கடித்துக்கொண்டு போனது. தளவாய் சாவியை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து பட்டறை மூலையில் சும்மா கிடந்த பழைய லேத் உருமாறத் தொடங்கியது. அதன் மேல் இரண்டு அச்சுகளை அடுத்தடுத்துப் படுக்கவைத்தார். ஒன்றில் மாதிரிப் பாதம் சுற்றும். மற்றதில் மரக்கட்டை சுற்றும். இரண்டும் ஒன்றாகச் சுற்றும்படி நடுவே ஒரு கியர் வைத்து இணைத்தார். மேலே முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு சட்டம். சட்டத்தின் ஒரு பக்கம் வழவழப்பான சக்கரம்; அது மாதிரிப் பாதத்தைத் தடவும். மறுபக்கம் அதே விட்டத்தில் வெட்டும் சக்கரம். தடவும் சக்கரம் மேட்டில் ஏறினால் வெட்டும் சக்கரமும் விலகும். குழியில் இறங்கினால் அதுவும் மரத்துக்குள் இறங்கும். அப்படியே குதிகாலிலிருந்து பெருவிரல்வரை சட்டம் அங்குலம் அங்குலமாக நகரும்.

மாதிரிக்கு முத்துமாரியின் இருக்கிற காலையே, மாவுக்கட்டுப் போடுகிற பூச்சுமாவில் அச்சு எடுத்தார். அந்த அச்சில் அலுமினியம் ஊற்றினார். ஈரமாவில் அவள் பாதத்தை அழுத்திப் பிடித்திருந்தபோது, "கூசுது, விடுங்க," என்று அவள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

ஊரில் விதை போட்டுவிட்டு வந்த மறுநாள், குமிழ் மரத்துண்டை மெஷினில் ஏற்றினார். முத்துமாரியும் ஆட்டோவில் வந்து பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். மரத்தூள் மழையாகக் கொட்டியது. சதுரக்கட்டை மெல்ல மெல்ல இளகி, குதிகால் வந்தது, உள்ளங்கால் வளைவு வந்தது, பெருவிரல் மேடு வந்தது. மெஷினை நிறுத்தி, தூளை ஊதிவிட்டு, ஒரு குழந்தையைக் கொடுப்பதுபோல அவள் கையில் கொடுத்தார்.

அவள் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது. குனிந்து தன் இடது பாதத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க."

"என்னளா?"

"ரெண்டும் இடதுகாலுல்லா."

தளவாய் பார்த்தார். இரண்டு பெருவிரலும் ஒரே பக்கம் இருந்தன. மாதிரி இடது பாதம். மெஷின் அதை அச்சுப் பிசகாமல் திருப்பிக் கொடுத்திருந்தது. அச்சு எடுக்கும்போது தோன்றவில்லை. அலுமினியம் ஊற்றும்போது தோன்றவில்லை. அளவை மட்டுமே பார்த்தவருக்குப் பக்கம் ஒன்று உண்டு என்பதே நினைவில் வரவில்லை.

முத்துமாரி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா வலதுகாலை அச்செடுத்து…" என்று தொடங்கினார்.

"உங்க அக்கா காலை மாட்டினா அது பாரிக்குப் போவாது. வீடு வீடா வம்பு பேசத்தான் போவும்," என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு தணிந்த குரலில், "விடுங்க. செல்வியே எடுக்கட்டும்," என்றாள்.

அந்த வார்த்தை தளவாயை அறுத்தது. அவளே விட்டுக்கொடுத்துவிட்டாள். அடுத்த இரண்டு நாட்களும் பட்டறையில் அவர் கை வேலை பார்த்தது. மனம் அங்கே இல்லை.

மூன்றாம் நாள் காலை பிளாரன்ஸ் வந்தாள். புன்னைக்காயல்காரி. புருஷனும் அவளுமாகச் சேர்ந்து தூத்துக்குடியில் ஒரு விசைப்படகு ஓட்டுகிறார்கள். கரைவேலை முழுவதும் அவள் பொறுப்பு. படகின் கம்பத்தைத் தாங்குகிற கம்பியை இறுக்கும் திருகு ஒன்றை மேஜைமேல் 'ணங்' என்று வைத்தாள்.

"அண்ணாச்சிக்குக் கல்யாண வயசு திரும்பிட்டுதா, வேலையில கண்ணே இல்ல? நேத்து இதை வாங்கிட்டுப் போனேன். திருகினா ஒருபக்கம் உள்ள போவுது, மறுபக்கம் கழண்டு வெளிய வருது. ரெண்டு முனைக்கும் ஒரே மரையப் போட்டு வச்சிருக்கீய."

தளவாய் எடுத்துப் பார்த்தார். உண்மை. அந்தத் திருகுக்கு ஒரு முனையில் புரி வலப்பக்கமாகச் சுற்றுகிற வலது மரை, மறுமுனையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற இடது மரை இருக்கவேண்டும். அப்போதுதான் நடுக்கூட்டைத் திருகினால் இரண்டு முனையும் ஒன்றையொன்று நோக்கி வரும். கவனமில்லாமல் இரண்டையும் வலதாகவே வெட்டியிருந்தார்.

பிளாரன்ஸின் கண் மேஜை ஓரத்துக்குப் போனது. மரப்பாதத்தைக் கையில் எடுத்தவள் குரல் தாழ்ந்தது.

"சேசுவே. இது யாரு காலு?"

சொன்னார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்தாள். "நாங்க நேர்ச்சைக்குத்தான் காலு செஞ்சு கோயில்ல வைப்போம் அண்ணாச்சி. நீங்க நடக்கச் செஞ்சிருக்கீய." சற்று நின்று, "நீங்க ஆற அமர மரையப் போடுங்க. நான் டீ குடிச்சிட்டு வாரேன்," என்று போய்விட்டாள்.

தளவாய் புதிய கம்பியை லேத்தில் பிடித்தார். இடது மரை வெட்டவேண்டுமானால் கியர் வரிசையில் நடுவே ஒரு கியரைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அப்போது உளி எதிர்த்திசையில் போகும். மரை எதிர்ப்பக்கமாக விழும். எத்தனையோ முறை செய்த வேலை. கியரை எடுத்துச் செருகப்போன கை அந்தரத்தில் நின்றது.

அவர் திரும்பி, மூலையில் இருந்த தன் மெஷினைப் பார்த்தார். அங்கே நடுவில் ஒரு கியர். அதனால் மாதிரியும் மரமும் ஒரே திசையில் சுற்றின. இன்னொரு கியரைச் சேர்த்தால் மாதிரி ஒரு பக்கமும் மரம் எதிர்ப்பக்கமும் சுற்றும். மாதிரியின் பெருவிரல் இந்தப் பக்கம் வரும்போது மரத்தின் பெருவிரல் அந்தப் பக்கம் விழும். கண்ணாடியில் தெரிவதைப் போல.

பிளாரன்ஸ் டீ குடித்துவிட்டு வந்தபோது அவளுடைய கம்பி அப்படியே இருந்தது. அண்ணாச்சி மூலையில் மண்டியிட்டு வேறு மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் வலது பாதம் பிறந்தது. அவளுடைய சொந்த இடது பாதத்துக்குச் சரியான ஜோடி.

சக்கரம் விரலிடுக்குகளுக்குள் நுழையாது. அதனால் விரல்கள் ஒட்டியபடியே வந்திருந்தன. அவற்றை மட்டும் தளவாய் கத்தியால் பிரித்தார். இரண்டாவது விரலை மற்றவற்றைவிடக் கவனமாகச் சீவினார். ஏன் என்று முத்துமாரிக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் அன்று அவள் காலிலிருந்து கழற்றிக் கொடுத்த மெட்டியை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அந்த மரவிரலில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அது எங்கே இருந்தது என்று அவள் கேட்கவில்லை. அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பிரத்யும்னன் பாதத்தைப் பொருத்தி, நிற்கவைத்து, நடக்கவைத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் இழைக்கச் சொன்னார். உள்ளங்காலில் அரத்தால் குறுக்குக் கோடுகள் போடச் சொன்னதும் அவர்தான். "படியில மட்டும் ஜாக்கிரதைம்மா," என்றார் மறுபடியும்.

கொடையன்று முத்துமாரி பாரி அறைக்குள் போனபோது பிச்சம்மாள் தடுக்கவில்லை. தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த சட்டியை எடுத்து அவள் தலையில் ஏற்றிவைத்தாள். உடனே திரும்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

குலவைச் சத்தத்தோடு ஊர்வலம் புறப்பட்டது. ஆண்கள் பின்னால்தான் வரவேண்டும். தளவாய் கடைசியில் நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாரி எடுப்பவர்களின் காலில் மஞ்சள்நீர் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம். முதல் வீட்டுக்காரி குடத்தோடு குனிந்தாள். முத்துமாரியின் இடது காலில் ஊற்றினாள். அடுத்த காலைப் பார்த்ததும் கை நின்றது. மரத்தில் ஊற்றுவதா என்று யோசித்தாள் போலும். முத்துமாரி அந்தக் காலை நகர்த்தவில்லை. காத்திருந்தாள். அந்தப் பெண் மெட்டியைப் பார்த்தாள். பிறகு குடத்தைச் சாய்த்து மரப்பாதத்தையும் நனைத்தாள். அடுத்த வீடுகளில் யாரும் யோசிக்கவில்லை.

சிமெண்ட் தெருவில் ஈரத் தடங்கள் விழுந்தன. பல பெண்களின் தடங்களுக்கு நடுவே ஒரு ஜோடியை மட்டும் தளவாயால் அடையாளம் காண முடிந்தது. இடது, வலது, இடது, வலது. வெயில் அவற்றை உலர்த்துவதற்குள் அடுத்தது விழுந்தது. அவர் அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்.

தெரு முக்கு வந்தது. முத்துமாரி நின்று, உடம்பை முழுதாகத் திருப்பி, மறுபடியும் நடந்தாள். வாய்க்கால் கரை கடந்தது. ஆறு தெரிந்தது. படித்துறை வந்தது.

மற்ற பெண்கள் மளமளவென்று இறங்கினார்கள். முத்துமாரி மேல்படியில் நின்றாள். இரண்டு கையும் சட்டியில். கீழே பார்க்கவும் முடியாது. தலை குனிந்தால் பாரி சரியும். குலவை மெல்ல அடங்கியது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். யாரோ, "செல்வியை வாங்கச் சொல்லுங்க," என்றார்கள். தளவாய் ஓரடி முன்னால் எடுத்துவைத்து நின்றுவிட்டார். ஆண் போய்த் தொடக் கூடாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிச்சம்மாள் வந்தாள். இரண்டு படி கீழே இறங்கி, திரும்பி, முத்துமாரிக்கு நேரே நின்றாள்.

"வழியில நிக்காதீங்க மைனி. நானே வாரேன்."

"நீயே வா. நான் பிடிக்கமாட்டேன். விழுந்தா எம்மேல விழு."

முத்துமாரி ஒரு கணம் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பினாள். மரப்பாதம் மடங்காது. நேராக வைத்தால் விரல்பக்கம் படிக்கு வெளியே போய்விடும். படியின் நீளத்துக்கு வைத்தால் முழுதாக ஊன்றும். அப்படி வைத்தாள். மறுகாலைச் சேர்த்தாள். பிச்சம்மாள் பின்பக்கமாகவே ஒரு படி இறங்கினாள். அவள் ஒன்று, இவள் ஒன்று. பிச்சம்மாள் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை; இருவரும் அப்படியே தண்ணீர்வரை வந்தார்கள்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் முத்துமாரி சட்டியை இறக்கினாள். மஞ்சள் முளைகள் ஆற்றில் சரிந்து, பிரிந்து, மிதந்து போயின. அப்போதுதான் குலவை மறுபடியும் எழுந்தது.

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். பிச்சம்மாள் பக்கத்தில் அமர்ந்து, "கழட்டு," என்றாள். வார் அவிழ்ந்தது. துண்டித்த இடத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. பிச்சம்மாள் தண்ணீரை அள்ளிக் கழுவினாள். முந்தானையால் ஒற்றினாள்.

"வலிக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியாளா?"

"சொன்னா இருன்னு சொல்லியிருப்பீங்க."

பிச்சம்மாள் ஆற்றில் மிதந்துபோகும் முளைகளைப் பார்த்தாள். "எம்பாரி விழும்போது எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துது," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. முத்துமாரி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். இருவரும் அழுதார்கள். இத்தனை வருடம் தேக்கிவைத்த அழுகை பிச்சம்மாளுடையது. அது அடங்கும்வரை தளவாய் நாலு படி தள்ளியே நின்றார்.

பிறகு இறங்கிவந்து மரப்பாதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வெளிப்பக்கம் கொஞ்சம் அழுத்தியிருக்கு. நாளைக்குச் சீவிருதேன்."

"நாளைக்குச் சீவலாம்," என்றாள் முத்துமாரி. "மைனி, காலையிலேருந்து பட்டினி. பசிக்கி."

"வா, எந்திரி," என்று பிச்சம்மாள் தன் கழுத்தைச் சுற்றி அவள் கையைப் போட்டுக்கொண்டாள். "ஏலே தளவாய், அந்தக் காலைத் தொடச்சு எடுத்துட்டு வா. மண்ணோட கொண்டுவராத." மேலே நின்ற மகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏளா செல்வி, முன்னால போயி அத்தைக்கு இலையைப் போடு."